ஜெய்பால் சிங் முண்டா: ஹாக்கி கேப்டன் என்பதோடு நிறுத்திவிடலாமா? (விவாத இழை)

கூடலூரான்

ஒலிம்பிக் வரும்போதெல்லாம் 1928 ஆம்ஸ்டர்டாம் ஹாக்கி அணியின் படம் சுற்றுக்கு வந்துவிடுகிறது. கேப்டன் ஜெய்பால் சிங், ஆதிவாசி, ஆக்ஸ்போர்டில் படித்தவர், தங்கம் வென்ற அணியின் தலைவர். இத்தோடு முடித்துவிடுகிறார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு 42 ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் 30 ஆண்டுகளுக்கு மேல் அரசியலில் கழிந்தது. அதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

வாழ்க்கையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் டக்ரா என்ற முண்டா பழங்குடிக் கிராமத்தில் 1903 ஜனவரி 3 அன்று பிறந்தார். பிரிட்டிஷாரை எதிர்த்து முண்டாக்களைத் திரட்டிய பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் இறந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது, அதே மண். வீட்டில் வைத்த பெயர் பிரமோத் பாஹன். ராஞ்சியில் மிஷன் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியை நடத்திய காஸ்கிரேவ் பாதிரியார்தான் 1918இல் இவரை இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், பல்கலைக்கழக ஹாக்கி அணியில் ஆடினார், பிரிட்டிஷ் அரசின் உயர் நிர்வாகப் பணியான ஐசிஎஸ் பயிற்சிக்கும் தேர்வானார். ஒலிம்பிக்குக்காக விடுப்பு கேட்டார், கிடைக்கவில்லை. கிடைக்காமலே போய் ஆடினார். திரும்பி வந்ததும் பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் சொன்னார்கள். ஐசிஎஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிறகு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை, இன்றைய கானாவில் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர், ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானேர் சமஸ்தானத்தில் உயர் பதவி என்று பத்தாண்டுகள் போயின.

1939 ஜனவரியில் ராஞ்சியில், அந்தப் பகுதிப் பழங்குடிகளின் அமைப்பான ஆதிவாசி மகாசபையின் கூட்டம். தலைமையேற்க இவரை அழைத்தார்கள். அன்றிலிருந்து 1970 மார்ச் 20 அன்று இறக்கும்வரை அந்த மக்களின் அரசியலை இவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. முண்டாரியில் ‘மரங் கோம்கே’ என்றார்கள், பெருந்தலைவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது, நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை. 1946 டிசம்பர் 9 அன்று சபை கூடியது. பத்தாம் நாளே, டிசம்பர் 19 அன்று, நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேச எழுந்தார். தன்னை ஜங்லி (காட்டுவாசி) என்று அறிமுகப்படுத்திக்கொண்டார், தன் பகுதியில் தங்களை அப்படித்தான் அழைக்கிறார்கள், அதில் தனக்குப் பெருமை என்றார். ஆறாயிரம் ஆண்டுகளாகக் கேவலமாக நடத்தப்பட்டவர்கள் என் மக்கள், இங்கே இருக்கும் உங்களில் பெரும்பாலோர் பின்னால் வந்து புகுந்தவர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்பிக்க முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்றார்.

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பேச்சில் அடுத்து வருவது எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிகிறது. எங்கள் வரலாறு முழுக்கச் சுரண்டலும் நிலப்பறிப்பும் கலகமும்தான், இருந்தாலும் நேருவின் வார்த்தையை நம்புகிறேன், உங்கள் எல்லோருடைய வார்த்தையையும் நம்புகிறேன், புதிய அத்தியாயம் தொடங்கப்போகிறது என்று நம்புகிறேன் என்றார். சொல்லிவிட்டுத் தீர்மானத்தை ஆதரித்தார். அவருடைய அரசியல் முழுக்க அந்த நம்பிக்கையின் மேல் கட்டியது. 1963இல் தன் ஜார்க்கண்ட் கட்சியைக் காங்கிரஸில் இணைத்ததையும் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோல்போஸ்ட்

அண்ணே, ஹாக்கியை நீங்கள் இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். அதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. தியான் சந்த் மட்டும் 14. மே 26 அன்று இறுதி ஆட்டத்தில் சொந்த ஊர் நெதர்லாந்தை 3-0 என்று வென்றார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஜெய்பால் சிங் ஆடவில்லை. அதற்கு முன்பே அணியைவிட்டு விலகிவிட்டார். தலைமையேற்று ஆடியவர் எரிக் பின்னிகர். ஏன் விலகினார் என்பதற்கு அன்றிலிருந்து பல காரணங்கள் சொல்கிறார்கள். நிர்வாகத்தோடு மனஸ்தாபம் என்பது பொதுவான பேச்சு.

பகிரப்படும் அந்த இரண்டு வரிகளில் இது வராது. ஒரு மனிதர் ஐசிஎஸ் பயிற்சியைப் பணயம் வைத்துப் போகிறார், அணியைத் தட்டிக் கூட்டுகிறார், தங்கம் கைக்கு எட்டும் நேரத்தில் மைதானத்தில் இல்லை. எனக்கு அந்த 1928 அவருடைய பிற்கால அரசியலின் முன்னோட்டம் மாதிரியே தெரிகிறது.

பழுவூரான்

கோல்போஸ்ட் சொன்ன கடைசி வரியை நான் பிடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் என் புகாரே அதுதான். முக்கியமான நாளில் அவர் இல்லை.

1948 ஜனவரி 1, கர்ஸாவான். சுதந்திரம் கிடைத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. செராய்கேலா, கர்ஸாவான் என்ற இரண்டு சிறு சமஸ்தானங்களை ஒரிஸாவோடு சேர்க்கும் முடிவு. ஆதிவாசிகள் அதை எதிர்த்தார்கள். ஜெய்பால் சிங் வருகிறார் என்று அறிவித்துக் கூட்டம் கூட்டினார்கள். வாரச் சந்தை நாள் வேறு. சுற்றுவட்டாரத்திலிருந்து ஹோ, முண்டா, சந்தாலி மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே வந்து சேர்ந்தார்கள். தலைவர் வரவில்லை. ஒரிஸா ராணுவப் போலீஸ் சுட்டது. 35 பேர் இறந்ததாக அப்போது பத்திரிகையில் வந்தது. அந்த ஊர் மக்கள் சொல்லும் எண்ணிக்கை அதைப் போலப் பல மடங்கு.

சுட்டது அவர் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழைத்தவர் அங்கே இல்லாதது ஒரு கேள்வி. அப்புறம் 1963. மக்கள் தனி மாநிலம் வேண்டும் என்று அவர் கட்சியின் சேவல் சின்னத்தில் போட்ட வாக்குகளை, அந்த மாநிலத்தை மறுத்த கட்சியிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். கூடலூரான் இதை நம்பிக்கை என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எஃகு நகரத்தான்

நான் வேலை நிமித்தமாக ஜாம்ஷெட்பூரில் வெகுகாலம் இருந்தவன். கர்ஸாவான் அங்கிருந்து பக்கம்தான். ஜனவரி 1 என்றால் நம் ஊரில் கேக் வெட்டுவோம். அங்கே அந்த நாள் துக்க நாள். காலையிலிருந்தே குடும்பம் குடும்பமாகத் தியாகிகள் இடத்துக்கு வருவார்கள். தேங்காய் எண்ணெய், அரிசி, பூ எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். பிற்பகலில் அரசியல் தலைவர்கள் வருவார்கள், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் முதலமைச்சர் வந்தாக வேண்டிய நாள் அது.

பழுவூரான் கேட்ட கேள்வியை அங்கேயே பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். “அவர் வந்திருந்தால் அவரையும் சுட்டிருப்பார்கள்” என்று ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், “வந்திருந்தால் சுட்டிருக்கவே மாட்டார்கள்” என்றார். இருவருமே அவரை மரங் கோம்கே என்றுதான் சொன்னார்கள்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு, அதே 1948 மே மாதம், செராய்கேலாவும் கர்ஸாவானும் ஒரிஸாவிலிருந்து பிரித்து பீகாரோடு சேர்க்கப்பட்டன. இன்றைய ஜார்க்கண்ட் அப்போது பீகாரின் தெற்குப் பகுதி. இன்று அவை ஜார்க்கண்டில் இருப்பதற்கு அதுதான் அடிப்படை. துப்பாக்கிச் சூடு நடந்து சில நாள் கழித்து அங்கே வந்து பேசிய ஜெய்பால் சிங், அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை.

மருதம்

ஆண்கள் எல்லோரும் துப்பாக்கிச் சூட்டிலும் கட்சி இணைப்பிலும் நிற்கிறீர்கள். சபையில் அவர் பேசிய வேறு இரண்டு விஷயங்களை நான் கொண்டுவருகிறேன்.

முதலாவது, அதே 1946 டிசம்பர் 19 பேச்சில், இந்த அவையில் ஆண்கள் அதிகம், பெண்கள் இன்னும் வேண்டும் என்று கேட்டார். விஜயலட்சுமி பண்டிட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். தன் மக்களுக்குக் கேட்க எழுந்த ஒருவர், தன் பேச்சு நேரத்தில் இதற்கும் இடம் ஒதுக்கினார்.

இரண்டாவது மதுவிலக்கு. 1948 நவம்பரில் மதுவிலக்கை வழிகாட்டு நெறியாகச் சேர்க்கும் விவாதம் வந்தது. இன்று அது 47ஆம் பிரிவு. காந்தியின் பெயரைச் சொல்லிப் பெரும்பாலோர் ஆதரித்த விஷயத்தை எதிர்த்து நிற்பது சாதாரணமில்லை. எங்கள் சடங்கிலும் வழிபாட்டிலும் அரிசிக் கள் உண்டு, இது எங்கள் சமய உரிமையில் கைவைக்கிறது என்றார். அதோடு விடவில்லை. மேற்கு வங்கத்தில் சந்தாலிகளுக்கு அந்த அரிசிக் கள் இல்லாவிட்டால் நடவே நடக்காது, கொட்டும் மழையில் முழங்கால் சேற்றில் நாள் முழுக்க நிற்கிறார்கள், அவர்களை உயிரோடு வைத்திருக்கும் என்ன சத்து அதில் இருக்கிறது என்று மருத்துவர்கள் ஆராய்ந்து பார்க்கட்டும் என்றார்.

நடவு நட்ட குடும்பத்திலிருந்து வந்தவள் நான். குடியால் சீரழிந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அதனால் அவர் கருத்தை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டெல்லியில் சட்டம் எழுதும் அறையில் உட்கார்ந்து, வயலில் நிற்பவரின் உடம்பைப் பற்றிப் பேசிய ஒரே குரலாக அது எனக்குக் கேட்கிறது. அவர் தோற்றார், பிரிவு நிறைவேறியது. தோற்கும் என்று தெரிந்தும் பேசினார் என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

கூடலூரான்

மருதம், நன்றி. கொடி பற்றி அவர் பேசியதையும் இங்கே வைத்துவிடுகிறேன். 1947 ஜூலை 22, தேசியக் கொடியை ஏற்கும் தீர்மானம். எல்லோரும் உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவரும் ஆதரித்தார். ஆனால் எங்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கொடி உண்டு, அதை இன்னொரு குடி நகலெடுக்க முடியாது, அதை யாராவது சீண்டினால் கடைசித் துளி ரத்தம்வரை காப்பார்கள் என்று விவரித்தார். இனிமேல் எங்களுக்கு இரண்டு கொடிகள், ஆறாயிரம் ஆண்டுகளாக இருக்கும் ஒன்றும் இந்தத் தேசியக் கொடியும் என்றார்.

பிரிவினை வரப்போகும் மாதத்தில், சந்தேகம் நிறைந்த ஓர் அவையில், இரண்டு கொடிகளையும் ஒன்றாக வைத்துப் பேச அவரால் முடிந்தது. யாரும் அவரைத் தேசத்துரோகி என்று சொல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் இந்தியாவுக்குள் ஒரு மாநிலம், இந்தியச் சட்டத்துக்குள் ஒரு பாதுகாப்பு.

வரலாற்று மாணவன்

ஆறாயிரம் ஆண்டு என்று வருகிறதே, அதில் எனக்குத் தயக்கம் உண்டு. சிந்துவெளி நாகரிகத்தின் பிள்ளை நான் என்று அவர் 1946 டிசம்பர் பேச்சில் சொன்னதை வரலாறாக எடுக்க முடியாது. முண்டாரி ஆஸ்திரோஆசிய மொழி. கெமெர், மோன் மொழிகளோடு உறவுள்ளது. மொழியியலாளர்கள் அதன் வேரைக் கிழக்கே தென்கிழக்கு ஆசியாவை நோக்கித்தான் தேடுகிறார்கள். ஜார்க்கண்டிலேயே ஒராவ் மக்கள் பேசும் குடுக், தமிழின் உறவு மொழி, திராவிடக் குடும்பம். சிந்துவெளி யாருடையது என்பதே முடியாத வழக்கு.

அவர் பேச்சின் வலிமை அந்தத் தேதியில் இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன். முண்டாக்களின் நிலம் பறிபோனதற்கு 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களே போதும். ஜமீன்தார், வட்டிக்காரர், ஒப்பந்ததாரர், நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாக வந்து கூட்டு உரிமை நிலத்தைப் பிடுங்கியதால்தான் பிர்சாவின் எழுச்சி. அதன் விளைவுதான் ஆதிவாசி நிலத்தை மற்றவருக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்திய 1908 சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். ஜெய்பால் சிங் வளர்ந்த காலம் அந்தச் சட்டம் வந்து சூடு ஆறாத காலம்.

இன்னொன்றும் உண்டு. 1940களில் அவர் பிரிட்டிஷ் போர் ஆள்சேர்ப்புக்கு உதவினார், முஸ்லிம் லீகோடும் நெருங்கினார். காங்கிரஸ்காரர்கள் அவரை நெடுநாள் நம்பாததற்கு இது காரணம். அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. பீகார் காங்கிரஸில் தன் மக்களுக்கு இடமே இல்லை என்று கண்டவர், கிடைத்த பக்கமெல்லாம் துணை தேடினார் என்று நான் புரிந்துகொள்கிறேன். புரிந்துகொள்வது வேறு, மறைப்பது வேறு.

வழக்காடி

சட்டப் பக்கத்தை நான் பார்க்கிறேன். அவர் பெற்றுத் தந்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று கேட்டால், பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

சபை இதற்காகத் தக்கர் பாபா தலைமையில் ஒரு துணைக்குழு போட்டது. ஜெய்பால் சிங் அதில் உறுப்பினர். 1948 வரைவில் பழங்குடி ஆலோசனைக் குழுவுக்குப் பல் இருந்தது. ஒரு சட்டம் எங்கள் பகுதிக்கு வேண்டாம் என்று குழு சொன்னால் ஆளுநர் அதன்படி செய்தாக வேண்டும். 1949 செப்டம்பரில் வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் அது போய்விட்டது. ஆளுநர் விரும்பினால் செய்யலாம் என்று ஆனது. குழு வெறும் ஆலோசனை சொல்லும் இடமாகச் சுருங்கியது. ஜெய்பால் சிங் அவையில் தன் ஏமாற்றத்தைச் சொன்னார், பிறகு ஏற்றுக்கொண்டார்.

என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், சட்டத்தில் ‘செய்ய வேண்டும்’ என்பது ‘செய்யலாம்’ ஆகும் இடத்தில்தான் ஏழையின் உரிமை ஓட்டை விழும். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, ஆளுநர்கள் அந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தது மிக அரிது. இருந்தாலும் அந்த அட்டவணை இல்லாமல் போயிருந்தால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996இன் பெசா சட்டம் வந்திருக்காது. அட்டவணைப் பகுதியில் ஆதிவாசி நிலத்தைத் தனியார் சுரங்க நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சமதா வழக்கில் தீர்ப்பளிக்கவும் பிடிமானம் இருந்திருக்காது.

2017, 2018இல் பத்தல்கடி இயக்கம் நடந்தது நினைவிருக்கிறதா? கிராம எல்லையில் பெரிய கல் நட்டு, அதில் அரசியலமைப்பின் இந்தப் பிரிவுகளைப் பச்சை வண்ணத்தில் எழுதிவைத்தார்கள். அது வலுவாக நடந்த இடம் குந்தி, ஜெய்பால் சிங்கின் மாவட்டம். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். 2019 டிசம்பரில் ஹேமந்த் சோரன் அரசு பதவியேற்றதும் அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. அரசியலமைப்பைக் கல்லில் எழுதியதற்கு வழக்கு வாங்கிய மக்கள் அவர்கள்.

சிறுமலை

வழக்காடி சார், ஒரு சந்தேகம். ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? நீலகிரி, கொல்லிமலை, ஜவ்வாது மலை எல்லாம் அதில் வருமா?

வழக்காடி

எங்குமே இல்லை தம்பி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் ஒரு சதுர அடிகூட அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. அதனால் பெசா இங்கே செல்லாது. 2006 வன உரிமைச் சட்டம் செல்லும், அதை வைத்துத்தான் இங்கே போராட வேண்டியிருக்கிறது. அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலத்திலும் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் பழங்குடி ஆலோசனைக் குழு அமைக்கலாம் என்று அதே அட்டவணையில் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு குழு உண்டு. அது எப்போது கூடியது, என்ன பேசியது என்று செய்தித்தாளில் எப்போதாவது பார்த்தீர்களா?

2011 கணக்கெடுப்பில் இங்கே பழங்குடியினர் ஏறத்தாழ 8 லட்சம், மக்கள்தொகையில் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சட்டமன்றத்தில் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு தனித் தொகுதிகள். எண்ணிக்கை குறைந்த மக்களுக்கு இதற்கு மேல் வாக்கு அரசியல் எதுவும் தராது. அதனால்தான் ஜெய்பால் சிங் இடஒதுக்கீட்டோடு நிற்காமல் நிலத்துக்கும் ஊர் ஆட்சிக்கும் சட்டப் பாதுகாப்பு கேட்டார்.

எஃகு நகரத்தான்

பழுவூரானின் 1963 கேள்விக்கு வருவோம். அதற்கு முந்தைய தேர்தல் கணக்கைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது.

ஆதிவாசி மகாசபை 1950இல் ஜார்க்கண்ட் கட்சியாக மாறியது. ஆதிவாசி அல்லாதவர்களும் சேரலாம் என்று கதவைத் திறந்தார். 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்கள், முதன்மை எதிர்க்கட்சி. ஒரு மலைப்பகுதி மக்களின் கட்சி பாட்னாவில் எதிர்க்கட்சி வரிசையில் முதல் இடத்தில் உட்கார்ந்தது! 1957இல் 31. 1962இல் 20.

நடுவில் 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கையை விரித்தது. அந்தப் பகுதியில் ஆதிவாசிகள் மூன்றில் ஒரு பங்குதான், ஜார்க்கண்ட் கட்சிக்கு அங்கே பெரும்பான்மை இல்லை, கனிமமும் தொழிலும் உள்ள தெற்கைப் பிரித்தால் வடக்கு பீகார் தாங்காது என்றது. மொழிவழி மாநிலங்களுக்காக அமைத்த ஆணையம், முண்டாரி, ஹோ, சந்தாலி, குடுக், நாக்புரி என்று பல மொழி பேசும் மக்கள் சேர்ந்து கேட்ட மாநிலத்தை எந்த அளவுகோலில் அளப்பது என்று தெரியாமல் போனது. ஆந்திராவுக்கு வழி இருந்தது, இவர்களுக்கு இல்லை.

அப்புறம் 1957இல் ஒரு விஷயம் நடந்தது. பம்பாய்க்காரரான மினூ மசானியை ஜார்க்கண்ட் கட்சி ஆதரவோடு ராஞ்சியிலிருந்து மக்களவைக்கு அனுப்பினார். அவர் பெரிய ஆள்தான். ஆனால் குந்தியிலும் சிம்டேகாவிலும் சேவல் கொடி பிடித்து அலைந்த பையன்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கட்சிக்குக் கிளை, பொறுப்பாளர், நிதி என்று ஒழுங்கான அமைப்பு வளரவில்லை. எல்லாம் ஒரு மனிதரின் பெயரில் ஓடியது, அந்த மனிதர் பெரும்பாலும் டெல்லியில். அரசின் வளர்ச்சித் திட்டங்கள் வட்டார அலுவலகம் வழியாக வரத் தொடங்கியதும், சாலையும் கிணறும் வேண்டுமென்றால் காங்கிரஸ்காரரைத்தான் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. 1962இல் சரிந்ததற்கு இத்தனை காரணங்கள் உண்டு.

கூடலூரான்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆணையம் மறுத்துவிட்டது. எதிர்க்கட்சியில் உட்கார்ந்து பத்தாண்டுகள் ஆகியும் மாநிலம் வரவில்லை. உள்ளே போய்க் கேட்டால் கிடைக்கும் என்று வாக்குறுதி வந்தது. 1946இல் நேருவின் வார்த்தையை நம்புகிறேன் என்றவர், 1963 ஜூனில் அதே நேரு பிரதமராக இருக்கும்போது மறுபடி நம்பினார்.

நடந்தது என்ன? பீகார் முதல்வர் பிநோதானந்த ஜாவின் அமைச்சரவையில் அமைச்சரானார். அதே ஆண்டு காமராஜ் திட்டம் வந்தது. நம் காமராஜர் தன் முதல்வர் பதவியைத் தானே விட்டு, மூத்தவர்கள் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்றார் அல்லவா, அதன்படி பதவி விலகிய ஆறு முதல்வர்களில் ஜாவும் ஒருவர். ஜா போனார், ஜெய்பால் சிங்கின் பதவியும் சில வாரங்களில் போனது. அடுத்து வந்த கே. பி. சகாய் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நாம் இங்கே தியாகம் என்று கொண்டாடும் ஒரு முடிவின் ஓரத்தில், அங்கே ஒரு மக்களின் கணக்கு கவிழ்ந்தது. காமராஜரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் மனதில் ஜார்க்கண்ட் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இப்படித்தான் சிறிய மக்களின் விதி பெரிய கட்சிகளின் உள்விவகாரத்தில் முடிவாகிறது.

கோல்போஸ்ட்

இதைப் படித்ததும் மனசு கனத்தது அண்ணே. அந்தக் காமராஜ் திட்டத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம், பீகாரில் யார் பதவி விலகினார், அதனால் என்ன ஆனது என்று யாரும் சொன்னதில்லை.

ஹாக்கி ஆள் என்பதால் இன்னொன்று. இன்று இந்தியப் பெண்கள் அணியில் ஆடும் ஜார்க்கண்ட் வீராங்கனைகள் எங்கிருந்து வருகிறார்கள் பாருங்கள். நிக்கி பிரதான் குந்தி மாவட்டத்துக்காரர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். சலிமா டேட்டே சிம்டேகா. மூங்கில் மட்டையில் ஆடத் தொடங்கிய பிள்ளைகள். ராஞ்சியில் ஜெய்பால் சிங் பெயரில் ஒரு மைதானம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, பழங்குடி மாணவர்கள் பிரிட்டனில் மேற்படிப்பு படிக்க ஜார்க்கண்ட் அரசு அவர் பெயரில் கொடுக்கும் உதவித்தொகை. ஒரு பாதிரியாரின் தயவில் அவருக்குக் கிடைத்தது, இவர்களுக்கு அரசாங்க ஆணையாகக் கிடைக்கிறது.

மருதம்

கூடலூரான் அண்ணா, உங்கள் விளக்கத்தில் எனக்கு ஒரு குறை. நம்பினார், ஏமாற்றப்பட்டார் என்று சொன்னால் அவரைக் குழந்தையாக்கிவிடுகிறீர்கள். ஆக்ஸ்போர்டு, ஐசிஎஸ், ஆப்பிரிக்கா, சமஸ்தானம், நிர்ணய சபை எல்லாம் பார்த்தவர். 1949இல் ஐந்தாம் அட்டவணையைக் கண்ணெதிரே நீர்த்துப்போகச் செய்ததைப் பார்த்தவர். 1955இல் மறுபடி பார்த்தவர். அவருக்கு வார்த்தையின் மதிப்பு தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே எடுத்த முடிவு என்று ஏற்பதுதான் அவருக்கு மரியாதை. அப்படி ஏற்றால், கட்சித் தொண்டர்களிடம் கேட்டாரா என்ற கேள்வியும் வரும். என். இ. ஹோரோ போன்றவர்கள் அந்த இணைப்பை ஏற்காமல் கட்சியை மறுபடி நடத்தினார்கள். ஆக, மறுத்தவர்கள் அவர் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள். உலகத்திலேயே ஜனநாயகமானவர்கள் என் மக்கள் என்று சொன்னவர், அந்த மக்களின் வழக்கப்படி ஊர்கூடி முடிவெடுத்தாரா?

எஃகு நகரத்தான்

மருதம் கேட்டது சரியான கேள்வி. அங்கே இளைஞர்கள் இன்றும் இதைத்தான் கேட்கிறார்கள். இணைப்புக்குப் பிறகு ஜார்க்கண்ட் என்ற பெயரில் பல பிரிவுகள் முளைத்தன. 1970களில் ஷிபு சோரன், பினோத் பிஹாரி மஹதோ, ஏ. கே. ராய் ஆகியோர் சேர்ந்து ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைக் கட்டினார்கள். அவர்கள் தொடங்கிய இடமே வேறு. வட்டிக்காரர் பிடித்த நிலத்தில் போய்க் கூட்டமாக நெல் அறுத்தார்கள், சுரங்கத் தொழிலாளரைச் சேர்த்தார்கள். ஜெய்பால் சிங் செய்யாமல் விட்ட வேலை அது. 2000 நவம்பர் 15 அன்று, பிர்சாவின் பிறந்தநாளில், மாநிலம் வந்தது. அவர் கேட்ட வங்காள, ஒரிஸா, மத்தியப் பிரதேசப் பகுதிகள் இல்லாமல் பீகாரின் தெற்குப் பகுதி மட்டும். 2011 கணக்குப்படி அதில் பழங்குடியினர் 26 விழுக்காடு.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். 1939க்கு முன்னால் முண்டா முண்டாவாக, ஒராவ் ஒராவாக, ஹோ ஹோவாக இருந்தார்கள். ஒரே மேடையில் ஏற்றி, ஆதிவாசி என்று ஒரு பொதுப் பெயருக்குள் கொண்டுவந்து, அதற்கு ஜார்க்கண்ட் என்று ஒரு வரைபடமும் கொடுத்தது அவர் காலத்தில்தான் நடந்தது. சோரனின் ஆட்கள் முழக்கமிட்டபோது அந்த மாநிலத்தின் பெயரைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பழுவூரான்

எல்லாவற்றையும் படித்தேன். நிர்ணய சபைப் பேச்சுகளை இந்த இழைக்குப் பிறகு தேடிப்பிடித்து முழுதாகவும் படித்தேன். மதுவிலக்குப் பேச்சு என்னை உலுக்கியது. மருதத்துக்கு நன்றி. அந்த அவையில் அவர் செய்ததற்கு நிகராக அந்த மக்களுக்காக வேறு யாரும் செய்யவில்லை என்பதில் எனக்கு இப்போது மறுப்பு இல்லை.

1963இல் மட்டும் என் நிலை அப்படியே இருக்கிறது. 20 சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் இருந்தபோது, இணையாமல் வெளியிலிருந்து பேரம் பேசியிருக்கலாம். 1967இல் பீகாரில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தது. அந்தச் சமயத்தில் 20 பேர் கொண்ட ஒரு தனிக் கட்சி இருந்திருந்தால், யார் ஆட்சி அமைத்தாலும் அவர்கள் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். நான்கே ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். கூடலூரான், இதற்கு உங்கள் பதில் என்ன?

கூடலூரான்

பொறுத்திருந்தால் அந்த 20 பேரும் கட்சியில் இருந்திருப்பார்களா என்பதுதான் என் பதில். 1952இல் 32 பேர், 1962இல் 20. ஒவ்வொருவராகக் காங்கிரஸ் இழுத்துக்கொண்டிருந்தால் 1967இல் ஐந்து பேர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் மருதம் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தொண்டர்களைக் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றிருந்தால், 1967இல் நீங்கள் சொல்லும் அந்த வாசலில் நிற்க ஒரு கட்சியாவது மிச்சமிருந்திருக்கும்.